விருந்தாளி வராத திசை

"டிசம்பர் கடைசியில துபாய்க்கு வர்றீங்களா? அடடா, நாங்க ஊர்லயே இருக்க மாட்டோமே சித்தப்பா!" என்று அனந்தகிருஷ்ணன் சொல்லிவிட்டார். எந்த ஊருக்குப் போயிருப்போம் என்று யோசித்து வைத்துக்கொள்ளவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மறுமுனையில் இருந்த திருச்சி சித்தப்பா லேசில் விடுகிற ஆசாமி இல்லை. "சென்னைக்கு வர்றியா? அப்ப எங்க பயணத்தைத் தள்ளிப் போட்டுட்டு அங்கேயே பார்த்துக்கலாமே."

"சென்னை இல்லை சித்தப்பா."

"அங்கேயே பக்கத்துல அல் ஐன்னா சொல்லு. நாங்களும் கூடவே வந்துடறோம். வேனைக் கொஞ்சம் பெரிசா எடு."

அனந்தகிருஷ்ணன் துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் இருந்தார். அவர் மேசைக்கு எதிரே ஏதோ ஒரு கப்பல் கம்பெனி கொடுத்த 2006ஆம் வருடத்துக் காலண்டர் தொங்கியது. அதில் பனி மூடிய மலை, ஒரு சிவப்பு வீடு. சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை இல்லை.

"நார்வே" என்றார் அனந்தகிருஷ்ணன். "வடக்கு நார்வே. வட துருவத்துக்குப் பக்கம். கார்லயே சுத்தறதா பிளான்."

"அங்க யாருடா இருக்கா நமக்கு?"

"யாருமே இல்லை சித்தப்பா."

"அப்ப வீட்டுச் சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயேன். நாங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போறோம்."

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்க" என்று இரண்டாவது பொய்யையும் சொல்லி போனை வைத்தார்.

அவரைக் குறை சொல்வதற்கு முன் துபாயின் சத்வா பகுதியில் இருக்கும் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரே ஒரு குளியலறை. குளிர்காலத்தில் ஷாப்பிங் திருவிழா தொடங்கிவிட்டால் போதும், தமிழ்நாட்டில் அனந்தகிருஷ்ணனைத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவர் மேல் பாசம் பொங்கிவிடும். போன வருடம் பதினொரு பேர், பதினாறு நாள். அவர் மனைவி ஜலஜா வாஷிங் மெஷினுக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவில் படுத்துத் தூங்கினாள். கடைசி விருந்தாளி கிளம்பிய அன்று சத்தம் போடாமல் ஒரு விஷயம் சொன்னாள்.

"அடுத்த வருஷம் இதே சீசன்ல யாராவது பெட்டியோட உள்ள நுழைஞ்சா, நானும் தாரிணியும் ஊருக்குக் கிளம்பிடுவோம். ஒன்வே டிக்கெட். நீங்களும் உங்க விருந்தாளிகளும் சௌக்கியமா இருங்க."

ஜலஜா சத்தம் போட்டுச் சொன்னால் மறந்துவிடுவாள். சத்தம் போடாமல் சொன்னால் செய்துவிடுவாள். தாரிணியின் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தும் வைத்திருந்தாள். பதினொரு வயது மகளை விட்டுவிட்டு அந்த வீட்டில் தனியாக இருப்பதை அனந்தகிருஷ்ணனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று சாயங்காலம் நார்வே கதையை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஜலஜா சிரிக்கவில்லை.

"நிஜமாவே போயிட்டா என்ன?" என்றாள்.

"எங்க?"

"நார்வேக்குத்தான். யாருமே தெரிஞ்சவங்க இல்லாத ஊரு. நெனச்சுப் பாருங்களேன்." அவள் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் அவர்கள் போன ஊரிலெல்லாம் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ காத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "சும்மா சொன்னேன்" என்று சொல்ல அனந்தகிருஷ்ணனுக்கு மனசு வரவில்லை.

"போலாம்" என்றார். "ஆனா சிக்கனமா."

சிக்கனம் முதலில் டிக்கெட்டில் தொடங்கியது. மூன்று இடத்தில் விமானம் மாற வேண்டிய, இருப்பதிலேயே மலிவான டிக்கெட். தேதி மாற்ற முடியாது, பணம் திரும்பி வராது. "ஆள் போயிட்டாலும் ரீஃபண்ட் மாஃபி சார், கிடையாது" என்றார் டிராவல்ஸ்காரர். விசாவுக்காக ஓட்டல் அறை பதிவு செய்து, விசா வந்த மறுநாளே அதை ரத்து செய்தார். அந்த ஊரில் ஒரு ராத்திரி தங்குகிற வாடகைக்கு சத்வாவில் பத்து நாள் குடும்பம் நடத்தலாம்.

அடுத்தது குளிர். கடையில் பனிக் கோட்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு, நேராக சத்வாவில் தையல்கடை வைத்திருக்கும் கௌஸ் முகம்மதுவிடம் போனார். கையில் பஞ்சு வைத்துத் தைத்த இரண்டு ரஜாய்ப் போர்வை இருந்தது.

"இதை வெட்டி மூணு கோட்டு தைக்கணும் பாய். எனக்கு, வீட்டுல, பாப்பாவுக்கு."

கௌஸ் முகம்மது ரஜாயைத் தடவிப் பார்த்தார். சிவப்பில் பெரிய பெரிய மஞ்சள் பூ. "இருபது வருசமா அரபிங்களுக்குக் கந்தூரா அங்கி தைக்கிறேன் சார். மெத்தைக்குக் கை வச்சுக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"முடியுமா முடியாதா?"

"தைச்சுரலாம். ஆனா போட்டுக்கிட்டு கையக் கீழ தொங்கவிட முடியாது. அதுக்கு நான் பொறுப்பில்ல."

அவர் சொன்னது சரிதான். கோட்டைப் போட்டதும் மூன்று பேருடைய கைகளும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றன. "திஸ் இஸ் ஸோ எம்பாரசிங் அப்பா" என்றாள் தாரிணி.

குளிர் தாங்குமா என்று பார்க்க வேண்டுமே! அதற்கும் அனந்தகிருஷ்ணனிடம் காசு செலவாகாத வழி இருந்தது. அவர் ஆபீசுக்குப் பக்கத்தில் உறைந்த மீன் வைக்கிற குளிர்பதனக் கிடங்கு. அங்கே புதுக்கோட்டைக்காரன் மணிகண்டன் ஸ்டோர்கீப்பர். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு போய் நின்றார்.

"உள்ள மைனஸ் பதினெட்டு சார். பத்தே நிமிசம். சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள சீக்கிரம், யல்லா, யல்லா!" என்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

நாலாவது நிமிடமே சூப்பர்வைசர் வந்துவிட்டார். மணிகண்டன் ஓடி வந்து, "சார், அசையாதீங்க!" என்று கிசுகிசுத்தான். மூவரும் அயிலை மீன் பெட்டிகளுக்கு நடுவில் தலையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"யே க்யா ஹை?" என்று இந்தியில் விசாரித்தார் சூப்பர்வைசர், பூப்போட்ட மூன்று மூட்டைகளைப் பார்த்து.

"ரிட்டர்ன் மால், சாப்" என்றான் மணிகண்டன், திரும்பி வந்த சரக்கு என்று.

"லேபிள் கிதர் ஹை?"

லேபிள் எங்கேயும் இல்லாததால் அவரே ஒன்றை எடுத்து 'நிறுத்தி வைக்கவும்' என்று எழுதி, நடுவில் இருந்த பெரிய மூட்டையின் முதுகில் ஓங்கி ஒட்டிவிட்டுப் போனார். அனந்தகிருஷ்ணன் மூச்சுக்கூட விடவில்லை.

குளிர் தாங்கியது. ஆனால் மூன்று கோட்டிலும் அயிலை வாடை ஏறிவிட்டது. வாடை போகத் துவைத்தார்கள். துவைத்ததும் பஞ்சு முழுக்க அடியில் இறங்கி, மேலே வெறும் துணியும் கீழே மூன்று தலையணையுமாகத் தொங்கியது. மறுபடி பிரித்துத் தைக்கக் கௌஸ் முகம்மது வாங்கிய கூலியில் ஒரு புதுக் கோட்டு வாங்கியிருக்கலாம். வாடையும் முழுசாகப் போகவில்லை.

இனி தங்குவதற்கு இடமும் ஒரு காரும்தான் பாக்கி. ஆபீசில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து ஜெயசீலனிடம் புலம்பியபோது அவன் கையைத் தட்டினான்.

"வடக்கு நார்வேயோ? என்ரை பெரியப்பான்ரை மகன் குகநேசன் அங்கைதான் இருக்கிறார். மீன் பாக்டரியிலை வேலை. போய்ப் பதினெட்டு வருசம். பெரிய வீடு, எல்லாரும் ஏறிப் போகப் பெரிய வான்."

அங்கேயும் தமிழர் இருக்கிறார் என்று கேட்டதும் அனந்தகிருஷ்ணனுக்கு ஒரு நிமிடம் பகீர் என்றது. பிறகு சந்தோஷம் வந்தது. எப்படியும் சொந்தக்காரர் இல்லையே!

"ஆனா ஒண்டு அண்ணை" என்றான் ஜெயசீலன். "அவர் இப்ப அந்த ஊர் ஆள் மாதிரி. மனுசர் வாயாலை சொல்லுறதை அப்பிடியே நம்பிவிடுவார்."

"ரொம்ப நல்லது" என்றார் அனந்தகிருஷ்ணன்.

குகநேசனோடு முதல் நாளே அரை மணி நேரம் பேசினார். "உங்க வீட்டுல தங்கலாமா?" என்று நேராகக் கேட்க முடியுமா? அது மரியாதை இல்லை. சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

"உங்க ஊரைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார்.

"வாங்கோ, வாங்கோ. கட்டாயம் வரவேணும்."

"ரோடெல்லாம் பனியா இருக்குமே, வண்டி சறுக்காதா?"

"ஆணி டயர் போட்டிருக்கு அண்ணை. சறுக்காது."

"டயர்ல ஆணியா? பஞ்சர் ஆயிடாது?"

"இஞ்சை கடையிலையே ஆணி அடிச்சுத்தான் விக்கிறவங்கள். அங்கை துபாயிலை வெயில் எப்பிடி?"

"டிசம்பர்ல ஜம்முனு இருக்கும். சட்டையோட கடற்கரையில நடக்கலாம்."

"இஞ்சை ரெண்டு மாசத்துக்குச் சூரியனே வராது" என்றார் குகநேசன் பெருமூச்சோடு.

ஓசியில் தங்கப் போகிறவருக்கு ஒரு கடமை உண்டு. அனந்தகிருஷ்ணன் அதைக் குறைவில்லாமல் செய்தார். "நீங்களும் ஒரு தடவை குடும்பத்தோட துபாய்க்கு வந்தே ஆகணும். நம்ம வீடு இருக்கு. ஓட்டல்ல தங்கினீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!" வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து "சாப்பிட்டுப் போகலாமே" என்கிறோம் இல்லையா, அந்த மாதிரிப் பேச்சு இது. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து இலைக்கு முன் உட்கார்ந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஐந்து முறை போன் பேசினார்கள். ஐந்து முறையும் இந்த அழைப்பு வளர்ந்துகொண்டே போனது. கடைசித் தடவை வீட்டு விலாசத்தைக்கூட எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

"எந்தத் தேதி வர்றோம்னு அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் ஜலஜா.

"அதான் சொல்லக்கூடாது. முன்கூட்டியே சொன்னா என்ன ஆகும்? நான் சித்தப்பாகிட்டச் சொன்னேன் பாரு, அந்த மாதிரி அவரும் பெயிண்ட் அடிக்கறாங்கன்னு ஏதாவது சொல்லிடுவார். நேரா ஏர்போர்ட்ல இறங்கிட்டு போன் பண்ணணும். நம்ம வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் முட்டாளா என்ன? நானே அவங்ககிட்டேர்ந்துதான் கத்துக்கிட்டேன்."

ஜலஜா குகநேசனின் மனைவியை நினைத்துப் பார்த்தாள். "பாவங்க அந்தம்மா. என்னை மாதிரிதானே அவங்களும்?"

"நாம மூணே பேரு. பதினொரு பேர் இல்லையே!"

அவளுக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு ஆசைப்பட்டுவிட்டாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக இரண்டு கிலோ பருப்புப் பொடி இடித்தாள், மாவடு கட்டினாள், சத்வாவில் அலைந்து ஒரு பட்டுப் புடவை எடுத்தாள். "அங்க அவங்களைப் பாத்திரம் கழுவவே விட மாட்டேன். விருந்தாளின்னா எப்படி இருக்கணும்னு நான் காட்டறேன்" என்றாள். அதற்கு ஆன செலவைப் பார்த்து அனந்தகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலை. வெளியே இளம் வெயில். கீழே டாக்ஸி காத்திருந்தது. பெட்டியின் எடை கூடிவிடும் என்பதற்காக மூவரும் ரஜாய்க் கோட்டை உடம்பிலேயே மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, கைகளைத் தூக்கியபடி ஹாலில் நின்றார்கள். லேசாக அயிலை வாடை வந்தது.

ஜலஜா கதவுப் பக்கம் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தரையில் ஒரு பாய் இல்லை, சோபா மேல் யாருடைய ஈரத் துண்டும் இல்லை, குளியலறை வாசலில் வரிசை இல்லை.

"பதின்மூணு வருஷத்துல இந்த சீசன்ல நம்ம வீட்டுத் தரையை இன்னிக்குத்தாங்க முழுசாப் பார்க்கறேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அலைந்தாலும், எவ்வளவு பொய் சொன்னாலும், இவள் முகத்தை இப்படிப் பார்க்க முடிந்ததே என்று அனந்தகிருஷ்ணனுக்கு நிறைவாக இருந்தது.

அவருடைய செல்போன் அடித்தது. கோட்டுக் கையோடு போராடி எடுத்துக் காதில் வைத்தவர் முகம் பிரகாசமானது.

"யாரு தெரியுமா? குகநேசன்! எவ்வளவு பாசம் பாரு, கிளம்பற நேரத்துக்குக் கரெக்டா போன் பண்றார். இரு, நீயும் கேளு" என்று ஸ்பீக்கரை அழுத்தி ஜலஜா பக்கம் நீட்டினார்.

"அண்ணை, முன்கூட்டியே சொன்னா வீணாச் சிரமப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை, வீட்டையும் வானையும் பூட்டிப்போட்டு நாங்கள் எட்டுப் பேரும் இப்ப துபாய் எயார்போட்டிலை வந்து நிக்கிறம், ஒரு மாசம் இருக்கிறதா யோசிச்சிருக்கிறம், உங்கட வீட்டுக்கு ஒரு டாக்ஸி போதுமோ, ரெண்டு பிடிக்கவோ?"