துண்டுக்குள் முடிந்த வண்டி

பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, அன்றைய மூன்றாவது ஷோரூமின் வாசலில், இண்டூர் சென்னப்பன் தன் மனைவிக்குக் கடைசித் தடவையாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"நான் நல்லா இருக்குதுன்னு சொன்னா நீ என்ன சொல்லணும்?"

"நல்லா இல்லைன்னு சொல்லணுங்க."

"வாங்கலாம்னு சொன்னா?"

"வேண்டாம்னு சொல்லணுங்க."

"நடுவுல சிரிக்கக் கூடாது."

"உங்களைக் கட்டிக்கிட்டு இருபத்தி நாலு வருசம் ஆச்சு. சிரிப்பெல்லாம் எப்பவோ மறந்து போச்சுங்க," என்றார் நிர்மலாதேவி.

சென்னப்பன் மாட்டுத் தரகர். சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மாடு வாங்குகிறவன் தனியாகப் போகமாட்டான். கூட ஒரு ஆளை அழைத்துப் போவான். அந்த ஆளுக்கு ஒரே வேலை, குறை சொல்வது. உடம்பில் மயிர்ச்சுழி சரியில்லை என்பான். பல் தேய்ந்துவிட்டது என்பான். ஒன்றுமே கிடைக்காவிட்டால் மாடு பார்க்கிற பார்வையே சரியில்லை என்பான். வாங்குகிறவன் அவனைச் சமாதானம் செய்கிற மாதிரி நடிப்பான். இரண்டு பேரும் முட்டிக்கொள்ள முட்டிக்கொள்ள, நடுவில் நிற்கிற மாட்டுக்காரன் வியர்த்துப் போய் விலையை இறக்கிக்கொண்டே வருவான்.

கடைசியில் துண்டு. கையை மூடித் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துக் கணக்குப் பேசி, மொத்தக் கையையும் ஒரு அழுத்து அழுத்திக் கொடுத்தால் பேரம் முடிந்தது. அதன் பிறகு மாடு வாசலிலேயே விழுந்து செத்தாலும் பேச்சு மாறக் கூடாது. சென்னப்பன் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட மாறியதில்லை. அவருடைய மானம், மரியாதை, தொழில் மூன்றும் அந்தத் தோள் துண்டில்தான் இருந்தன. அதைத் துவைக்கக்கூட வேறு யாரிடமும் தரமாட்டார்.

வண்டி வாங்குவது நிர்மலாதேவியின் யோசனை. தோட்டத்தில் சாமந்தி போட்டிருந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பூவையும் சேர்த்து தருமபுரி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர் அவர்தான். வாடகை வண்டிக்காரன் தூக்கம் தெளிந்து, டீ குடித்து, மச்சானுக்கு போன் பேசி முடித்து வருவதற்குள் பூ தலையைத் தொங்கப் போட்டுவிடும். சொந்தமாக ஒரு லோடு வண்டி இருந்தால் பிழைக்கலாம் என்றார். பணமும் பூவில் சேர்ந்ததுதான். அந்த விஷயத்தில் சென்னப்பனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவருக்கு வேறு விஷயங்களில் சொல்ல நிறைய இருந்தது. வண்டிக்கு ஒரு டிரைவர் போட வேண்டும். ஓனர் இடது பக்க சீட்டில், ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டி நெற்றியில் பெரிய எழுத்தில் 'சென்னப்பன்' என்று இருக்க வேண்டும். பெயருக்கு இரண்டு பக்கமும் இரண்டு காளைகள். நல்லம்பள்ளி ரோட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் தமிழ்மணியிடம் காளைகளுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வண்டிதான் இன்னும் வாங்கவில்லை.

"பேரத்தை என்கிட்ட விட்டுடு. நீ குறை மட்டும் சொல்லு," என்று அவர் முடிவாகச் சொல்லியிருந்தார்.

நிர்மலாதேவி குறை சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார். முதல் ஷோரூமில், வண்டியின் முகம் எழவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது என்றார். விற்கிற பையனே ஒரு தடவை திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டான். இரண்டாவது இடத்தில் மேனேஜர் வந்து, "அப்ப உங்களுக்கு எப்படித்தாம்மா வண்டி வேணும்?" என்று கேட்டதற்கு, "வண்டி மாதிரி ஒரு வண்டி வேணுங்க," என்றார். இரண்டு இடத்திலும் பேரம் ஆரம்பிப்பதற்குள் வெளியே வர வேண்டியதாயிற்று.

சென்னப்பனுக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. "நீ மட்டும் சந்தைக்கு வந்திருந்தா எங்கேயோ போயிருப்பே, புள்ள," என்றார்.

மூன்றாவது ஷோரூமில் வாட்ச்மேன் கதவைத் திறந்து, "வாங்கக்கா," என்றார். மரியாதை தெரிந்த இடம் என்று சென்னப்பன் மனதில் குறித்துக்கொண்டார். கழுத்தில் டை கட்டிய மாதேஷ் என்ற பையன் ஓடிவந்து உட்கார வைத்தான். டீ வந்தது.

"இது அண்ணனுக்கு. அக்கா, இது உங்களுக்கு, சர்க்கரை இல்லாம."

சென்னப்பன் மனைவியின் காதருகே குனிந்தார். "பாத்தியா? ஆளைப் பாத்தே சுகருன்னு கண்டுபிடிச்சுட்டான். விவரமான பையன். இவன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்."

"ஆமாங்க, ஜாக்கிரதையா இருங்க," என்றார் நிர்மலாதேவி.

வெள்ளை நிறத்தில் ஒரு பிக்கப் நின்றிருந்தது. சென்னப்பன் அதை ஒரு சுற்று சுற்றினார். டயரை உதைத்தார். முன் மூடியைத் தூக்கச் சொல்லி, கன்றின் வாயைப் பிளந்து பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து அடிவயிற்றைத் தடவினார்.

"என்ன தேடறீங்கண்ணா?"

"சுழி."

மாதேஷும் குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது," என்று சென்னப்பன் நாடகத்தைத் தொடங்கினார்.

"நல்லா இல்லீங்க."

"ஏன், என்ன குறை?"

"வண்டியில குறை இல்லீங்க. டிரைவர்லதான்."

பாடத்தில் இது இல்லை. "எந்த டிரைவர்?" என்றார் சென்னப்பன்.

"நீங்க போடப்போற டிரைவர். வெளியாளு பூவைப் பாப்பானா, ரோட்டைப் பாப்பானா? போனைத்தான் பாப்பான். ஆறு மாசத்துல வண்டி காயலான் கடைக்குப் போயிடும். வேண்டாங்க. வாங்க, வூட்டுக்குப் போலாம்."

மாதேஷின் முகம் விழுந்தது. சென்னப்பன் அதைக் கவனித்தார். ஆகா, என்னமாய்ப் போடுகிறாள் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டே, "அட, டிரைவர் எதுக்கு புள்ள? நானே ஓட்டறேன்," என்றார்.

"நெசமாவா? உங்க லைசென்சு பீரோவுலல்ல தூங்குது?"

"எழுப்பிட்டாப் போச்சு! நானே ஓட்டறேன்."

"அண்ணனே ஓட்டறாருன்னா தார்ப்பாய் எங்க செலவுண்ணா," என்றான் மாதேஷ்.

சென்னப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு வாய் வார்த்தைக்கு ஒரு தார்ப்பாய்!

நிர்மலாதேவி அவரை விட்டுவிட்டு மாதேஷிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க தம்பி. நாலு மணிக்கெல்லாம் பூ வண்டியில ஏறணும். இவருக்கு விடியறதே ஏழு மணிக்கு. இந்த மனுசனை நம்பி எப்படி வண்டி எடுக்கறது?"

"நாலு மணிக்கு எழுவேன்."

"யாரு எழுப்பறது?"

"யாரும் எழுப்ப வேண்டாம், நானே எழுவேன்! கோழிக்கு முந்தி எழுவேன்!"

"சீட் கவர் போட்டுடலாம்ணா," என்றான் மாதேஷ்.

"சரி, வண்டி யாரு பேருல?"

சென்னப்பன் ஒரு கணம் தயங்கினார். மாதேஷ் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பையன் அடுத்த படி இறங்கத் தயாராக இருக்கிறான் என்பது தரகர் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த நேரத்தில் தயங்கினால் தொழிலுக்கே அவமானம். "உன் பேருலதான், வேற யாரு பேருல?" என்றார்.

"நெத்தியில?"

"நெத்தியிலயும் உன் பேருதான்!"

இதை அவர் சொன்ன சத்தத்தில், பக்கத்தில் வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் தன் கணவரை முழங்கையால் இடித்து, "கேட்டுக்கோங்க," என்றார்.

"மேல கேரியரும் போட்டுத் தர்றோம்ணா!"

இனி விலைதான் பாக்கி. சென்னப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறி வலது கையின் மேல் போட்டார். "தம்பி, கையை உள்ள விடு."

மாதேஷ் ஒரு அடி பின்னால் போனான். "எதுக்குண்ணா?"

"விலை பேசத்தான்."

"கம்ப்யூட்டர்ல காட்டறேனே அண்ணா."

"ஊரு பூரா பாக்கற மாதிரியா விலை பேசுவாங்க? விடுப்பா கையை."

மாதேஷ் மேலே கண்ணைக் காட்டினான். "கேமரா இருக்குதுண்ணா. துண்டுக்குள்ள கையை விட்டா, உங்ககிட்ட என்னவோ வாங்கிட்டேன்னு மேனேஜர் என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாரு."

சென்னப்பன் துண்டோடு நின்றார். சந்தையில் விரித்த துண்டை வெறுமனே மடித்து அவருக்குப் பழக்கமில்லை.

"நான் புடிக்கறேங்க," என்றார் நிர்மலாதேவி. "குறை சொன்னவ நான்தானே? நான் ஒத்துக்கிட்டா, தம்பி உள்ள போயி விலையை இறக்கிட்டு வரட்டும்."

என்ன மூளை! சென்னப்பன் கையை நீட்டினார். பூப் பறித்துக் காய்த்த விரல்கள் துண்டுக்குள் நுழைந்து அவருடைய கட்டை விரலைப் பிடித்தன.

"நீங்க ஓட்டணும்."

"சரி."

ஆள்காட்டி விரல். "நாலு மணி."

"சரி."

நடுவிரல். "வண்டி என் பேருல."

மோதிர விரல். "நெத்தியிலயும்."

"சரி, சரி. சுண்டு விரல் எதுக்கு?"

"வாரத்துக்கு ஒருக்கா பொம்மிடியில எங்கம்மாவைப் பாக்கப் போறதுக்கு."

"அதுக்கென்ன, போவோம்!"

நிர்மலாதேவி மொத்தக் கையையும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினார். பழக்க தோஷம். சென்னப்பன் பதிலுக்கு அழுத்திவிட்டார்.

மாதேஷ் கண்ணாடி அறைக்குள் போனான், வந்தான். அவன் சொன்ன விலை சென்னப்பன் மனதில் வைத்திருந்ததைவிடக் குறைவு. ஆடித் தள்ளுபடியும் அதிலேயே அடங்கியிருந்தது. வெளியே வந்து பைக்கை உதைக்கும்போது அவருக்கு வயதில் பத்து குறைந்திருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். டை கட்டினவனை டை கட்டாதவன் ஜெயித்த கதை அது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார்.

தமிழ்மணி கடையில் காளைகள் தயாராக இருந்தன. கம்ப்யூட்டர் திரையில் 'சென்னப்பன்' தங்க நிறத்தில் மின்னியது.

"பேரை மட்டும் மாத்திடுங்கண்ணா. நிர்மலாதேவின்னு போடுங்க," என்றார் நிர்மலாதேவி.

சென்னப்பன் சிரித்தார். "நாடகம் முடிஞ்சுது புள்ள. ஷோரூமைத் தாண்டி வந்தாச்சு."

"வாயில சொன்னது நாடகந்தாங்க. நான் இல்லைங்கல. துண்டுக்குள்ள புடிச்சது?"

சென்னப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. உதவிக்குத் தமிழ்மணியைப் பார்த்தார். தமிழ்மணியின் அப்பா மாடு வைத்திருந்தவர்.

"துண்டுக்குள்ளயா புடிச்சீங்க?" என்றார் தமிழ்மணி.

"ம்."

"அழுத்திக் குடுத்தீங்களா?"

"ம்."

தமிழ்மணி ஒரு பெருமூச்சு விட்டுத் திரையின் பக்கம் திரும்பினார். "எழுத்து என்ன கலர்ல வேணுங்கக்கா?"

"சாமந்தி மஞ்சள்."

"காளை?"

"ஒண்ணு போதுங்க."

அன்று இரவு சென்னப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் ஒரு ஆறுதல் இருந்தது. வீட்டில் தோற்றாலும் வெளியில் ஜெயித்திருக்கிறார். ஷோரூம்காரனைத் தார்ப்பாய், சீட் கவர், கேரியர் வரைக்கும் உருவிவிட்டார். அதை யாரும் மறுக்க முடியாது. அந்த ஆறுதலில் ஆடி கழிந்தது.

ஆவணி பிறந்ததும் வண்டி எடுக்கப் போனார்கள். மாலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம். அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றைத் தூக்கிவந்தார்கள். அதில் 'வாழ்த்துகள் நிர்மலாதேவி' என்று எழுதியிருந்தது. நிர்மலாதேவி சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். சென்னப்பன் கையில் தேங்காயைக் கொடுத்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

தள்ளி நின்ற இடத்தில் மாதேஷும் நின்றிருந்தான். சென்னப்பன் பெருந்தன்மையோடு அவன் தோளைத் தட்டினார். "தம்பி, அன்னிக்கு உன்னை ரொம்பக் கசக்கிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"நீங்க எங்கண்ணா கசக்குனீங்க?" என்றான் மாதேஷ். "அக்காதான் அதுக்கு முந்தின வாரமே வந்து உக்காந்து கசக்கிட்டாங்களே. விலை, தார்ப்பாய், கேரியர் எல்லாம் அன்னிக்கே முடிஞ்சதுண்ணா. 'எங்க வூட்டுக்காரரு வருவாரு. அவரு ஒவ்வொண்ணா ஒத்துக்கிட்டா நீங்களும் ஒவ்வொண்ணாக் குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு நடிப்பு வராதுண்ணா. எப்படியோ சமாளிச்சேன்."

அன்றைக்கு அக்காவுக்குச் சர்க்கரை இல்லாத டீ எப்படி வந்தது என்பது இப்போதுதான் சென்னப்பனுக்கு விளங்கியது. அவர் வண்டி அருகே போனார். சாவியை இறக்கி வைத்துவிட்டு நின்ற மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த முதல் ரெண்டு ஷோரூம்?"

"ரெண்டு சந்தை சுத்தாம நீங்க என்னிக்கு எதை வாங்கியிருக்கீங்க?"

சந்தையில் எப்போதும் மூன்று பேர். குறை சொல்கிறவன் ஒருவன், அவனோடு கூட்டுச் சேர்ந்து நடிக்கிறவன் ஒருவன், நடுவில் நின்று வியர்த்து இறங்கி வருகிறவன் ஒருவன். அன்றைக்கு நடுவில் நின்றது மாதேஷ் இல்லை. சென்னப்பன் தேங்காயை ஓங்கிச் சிதறடித்தார். அது மட்டும் அவர் நினைத்தபடி உடைந்தது.

2025 ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை, விடிகாலை நாலு மணிக்கு, விநாயகர் சதுர்த்திக்கான முதல் லோடு சாமந்தி இண்டூரிலிருந்து தருமபுரி மார்க்கெட்டுக்குக் கிளம்பியது. வண்டியைச் சென்னப்பன் ஓட்டினார். இடது பக்க சீட்டில், ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, ஓனர் உட்கார்ந்திருந்தார்.