நடுவில் ஆள் வேண்டாம்

தங்கச்சிமடம்,
ஞாயிறு மாலை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஆன்டனி ராஜ் அவர்களுக்கு, மாமனார் சவேரியார் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம். சென்னையில் நீங்களும் என் மகள் பிரெசில்லாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசாமல் எழுதக் காரணம், நடுவில் எவனாவது கேட்பானோ என்ற பயம்தான். தபாலும் பல கை மாறும் என்பீர்கள். அதில் தபால்காரர் கையாவது எனக்குத் தெரிந்த கை.

ஞாயிறுதோறும் நம் எட்டு வீடும் வீடியோவில் கூடிச் செபமாலை சொல்வது, பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கும் என் மகன் ரெக்ஸுக்காகத்தான், அவனையும் சேர்த்தே எட்டு. இரண்டு வாரம் முன்பு அவன் முறை வந்தது, "அருள் நிறைந்த" என்று வாய் திறந்தவன் திறந்தபடியே நின்றுவிட்டான், கண் அசையவில்லை, அங்கே பலத்த காற்று என்று காலையில்தான் செய்தியில் கேட்டிருந்தேன், உங்கள் அத்தை ஜோதிமேரி "எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அலறியதில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள், அப்புறம்தான் அவன் "மரியே" என்று முடித்தான். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த உங்களைக் கேட்டால், எல்லோர் முகமும் மும்பையில் ஒரு கம்ப்யூட்டருக்குப் போய் அங்கிருந்து வீடு வீடாகப் பிரிகிறது என்றீர்கள். என் மகன் முகத்தை எவனோ நடுவில் வாங்கி வைத்துக்கொண்டு, நினைத்தபோது விடுவதா? தரகனிடம் ஒரு கூடை மீன்கூடக் கொடுக்காமல் நானே கரையில் விற்றவன் நான்.

யூடியூப் பார்த்து நானே படித்தேன். ஒவ்வொரு வீடும் மற்ற வீடுகளுக்கு நேராக அனுப்பும் முறையும் உண்டு. அதற்கு மாற்றச் சொன்னேன். "மாமா, அப்ப ரெக்ஸ் போன் ஒரே படத்த ஏழு தடவ அனுப்பணும். அங்க இருக்குற சிக்னலுக்குத் தாங்காது" என்றீர்கள். "வலை இழுக்குறவன், தாங்குவான்" என்றேன். மாற்றினீர்கள். போன ஞாயிறு என் போன் தோசைக்கல்லாய்ச் சுட்டது. ரெக்ஸ் வரவே இல்லை. முன்பு நின்றுபோன முகமாவது இருந்தது. மறுநாள் "நல்லா இருக்கேன்" என்று செய்தி வந்தது, எழுத்தை யாரும் அடிக்கலாம். வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஜோதிமேரி என்னோடு பேசவில்லை. நான் இறங்கி வரவில்லை.

இன்று பலன் கண்டேன். ரெக்ஸ் எதிரில் உட்கார்ந்ததுபோல் வந்தான், தாடைத் தழும்புகூடத் தெரிந்தது. "ஒல்லியாயிட்டியேலே" என்றேன். "இல்லய்யா, ஒங்க கண்ணாடியத் தொடைங்க" என்று சிரித்தான். ஆகவே நேர்வழியே சரி. யார் கெஞ்சினாலும் நடுவில் அந்தக் கம்ப்யூட்டரைத் திரும்ப வைக்கக் கூடாது.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சவேரியார்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் ஜோதிமேரிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த மும்பைக்காரன நேத்தே திரும்ப வச்சாச்சு. நாந்தேன் மாப்பிள்ளைட்டச் சொன்னேன். புள்ள ஒரு தடவ அனுப்புனாப் போதுமாம், மிச்சத்த அவன் பிரிச்சுக் குடுப்பானாம்" என்றாள். நீங்களும் என்னிடம் வாய் திறக்கவில்லை. இருக்கட்டும், அவனை எடுக்க வேண்டாம். பஹ்ரைனில் காற்று இன்னும் அடங்கவில்லையாம். அடுத்த ஞாயிறு ரெக்ஸுக்குச் செபம் சொன்ன கையோடு அந்தக் கம்ப்யூட்டருக்கும் செபமாலையில் ஒரு மணி உருட்டலாம் என்றிருக்கிறேன். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.