பஸ் டிக்கெட் வைத்த பக்கம்

பஸ் டிக்கெட் நகர்ந்திருந்தது.

நேற்று அது புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. அங்கே செருகியவர் புத்தகத்தின் மேல் புகார் கொடுத்த பெரிய மனிதர். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை என்று எழுதியும் கொடுத்திருந்தார். இன்று காலை பீரோவின் தலைமேலிருந்து எடுத்துப் பார்த்தால், டிக்கெட் ஓர் அத்தியாயத்தின் கனத்தைத் தாண்டிப் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது.

துணைச் செயலர் புத்தகத்தைப் பட்டென்று கீழே வைத்தார்.

அவர் வேலை பார்த்த நூல் தணிக்கை வாரியத்தில் ஒரு விதி உண்டு. தடை செய்யப்போகும் புத்தகத்தை வாரியத்தார் யாரும் படிக்கக் கூடாது. கெட்ட புத்தகம் படித்தவனைக் கெடுத்துவிடும். கெட்டுப்போனவன் எப்படி நல்லது கெட்டது சொல்வான்? இது தலைவரின் தத்துவம். வீட்டில் ஒருவர் படித்தாலும் போதும், உறுப்பினரும் கெட்டவர்தான். ஒட்டுவாரொட்டி. துணைச் செயலர் தம் காலத்தில் ஓர் அலமாரி கொள்ளாத அளவுக்குப் புத்தகங்களைத் தடை செய்தவர்; ஒன்றின் அட்டையைக்கூடத் திருப்பியதில்லை. அந்தச் சுத்தத்துக்காகவே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவரைச் செயலராக்கப் போவதாகப் பேச்சு.

அதுவரை பிரச்சினை இந்த ஒற்றைப் பிரதிதான். மற்ற பிரதிகளையெல்லாம் அள்ளி அரைத்தாகிவிட்டது. கூட்டத்தில் காட்ட இது மட்டும் மிச்சம். அலுவலகத்தில் கரையானுக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கான கதையாம். அதைவிடக் கூடுதலாக அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. அவருடைய கண்ணாடி காதுப்பக்கம் உடைந்து கடையில் கிடந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எழுத்தெல்லாம் எறும்பு. டிக்கெட்டின் சிவப்பைத்தான் அவர் கண்டார்.

ஆகவே அந்த வீட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாதவர் அவர் ஒருவர்தான்.

"நீ எடுத்துப் படிச்சியா?" என்று மனைவியைக் கேட்டார். கேட்கும்போதே தொண்டை கரகரத்தது.

"எனக்கு எங்கே நேரம்? முதல்ல இந்த வெந்நீரைக் குடிங்க" என்று அவள் டம்ளரை நீட்டினாள். தொண்டை கட்டியிருப்பது அவளுக்கு முன்னமே எப்படித் தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

அன்று இரவு புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். காலையில் பூட்டு பூட்டியபடி, சாவி வைத்தபடி. டிக்கெட் மட்டும் இன்னும் உள்ளே போயிருந்தது. மறுநாள் சாவியைக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். முடிச்சு அவிழவில்லை. டிக்கெட் பாதிப் புத்தகத்தைத் தாண்டிவிட்டது.

அவருக்குப் பயம் பிடித்தது டிக்கெட்டால் மட்டும் அல்ல. வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருட்டென்றால் அலறி, விளக்கை அணைக்க விடாத மகள், இப்போதெல்லாம் அவருக்கு முன்பே போய்ப் படுத்துக்கொண்டாள். அதுவும் தானே விளக்கை அணைத்துவிட்டு. அவர் உள்ளே வந்தால் தாயும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். கூடத்துச் சுவரில் குழந்தை கரிக்கட்டையால் ஒரு படகு வரைந்திருந்தாள். படகு நிறைய விளக்குகள். நடுவில் ஒற்றைக் கண்ணோடு ஒரு படகுக்காரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரம்மா இது என்று கேட்டதற்கு, உங்களுக்குத் தெரியாதா என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

வெளியாள் ஒருவனைக் காவல் வைப்பதுதான் வழி என்று தீர்மானித்து மைத்துனனுக்குச் சொல்லியனுப்பினார். அவன் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி, விழித்திருப்பதே தொழில். ஒரே ஒரு ராத்திரி பீரோவைப் பார்த்துக்கொள், விடிந்ததும் போய்விடலாம் என்றார்.

விடிந்தது. டிக்கெட் நகர்ந்திருந்தது. மைத்துனன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"யார் வந்தா, மாப்ளே?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள்.

"வெளியிலேர்ந்து யாரும் வரல, அத்தான்."

"அப்ப டிக்கெட் எப்படி நகர்ந்துச்சு?"

"உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, அத்தான்?" என்று கேட்டான் அவன்.

பயந்தவன் ஓடிப்போவான் என்று பார்த்தால், கிடங்குக்கு ஆள் விட்டு லீவு சொல்லிவிட்டுக் கூடத்திலேயே பாயை விரித்துக்கொண்டான். பேயைப் பார்த்தவன் பேயோடு தங்குவானா? புத்தகம் ஆளை மயக்குகிறது, தலைவர் சொன்னது சத்தியம் என்று துணைச் செயலர் நினைத்தார். மனைவியையும் மகளையும் இந்தச் சனியனிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும். செயலர் பதவிகூட அப்புறம்தான்.

வியாழக்கிழமை புத்தகத்தைச் சுமந்துகொண்டு தலைவரிடமே ஓடினார். மருந்து நெடி போவதற்கு முன்பே அதை அலுவலக இரும்புப் பெட்டியில் வைத்து, அரக்கு ஊற்றி முத்திரையும் குத்தினார்கள். அன்றிரவு பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை முத்திரையை உடைத்துப் பார்த்தபோது டிக்கெட் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு தாள்கூட நகரவில்லை. அவருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. குரல்தான் சுத்தமாகப் போயிருந்தது. காற்றுதான் வந்தது.

கூட்டம் கூடியது. வழக்கம்போலத் தலைவர், இந்தப் புத்தகத்தில் ஆட்சேபம் என்ன, பதிவுக்காக ஒரு வரி சொல்லுங்கள் என்றார். வழக்கம்போல 'ஒழுக்கக்கேடு' என்று சொல்லத்தான் துணைச் செயலர் எழுந்தார். வாயைத் திறந்தார்.

"துடுப்பை ஆத்துல விட்டுட்டான், சார்" என்றது அவர் வாய். "ஒத்தைக் கண் படகுக்காரன். கரை வேணும்னா துடுப்பு வேணும், எனக்குக் கரை வேண்டாம்னு சொல்லிட்டான். அந்தச் சின்னப் பொண்ணு பயப்படல. இருட்டும் ஒரு ஊர்தான், அங்கேயும் ஆள் இருக்காங்கன்னு சொல்லிட்டு, விளக்கை ஒவ்வொண்ணா ஊதி அணைக்கிறா..."

துணைச் செயலர் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார்.

"நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் தலைவர்.

"இல்ல சார். கண்ணாடி கடையில இருக்கு, சார்."

தலைவர் யோசித்தார். கண்ணாடி இல்லாதவர் படித்திருக்க முடியாது. படிக்காமலே ஒரு புத்தகத்தின் கெடுதலை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார் என்றால், அதற்குப் பெயர்தான் அனுபவம் என்று முடிவு சொன்னார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். துணைச் செயலர் செயலர் ஆனார்.

புத்தகத்தை அவரே காகித ஆலைக்கு எடுத்துப் போனார். அரைக்கும் தொட்டியில் அது ஒரு சுற்றுச் சுற்றி, விரிந்து, டிக்கெட்டோடு கூழில் முழுகியது. முழுகுமுன் பக்கங்கள் படபடவென்று புரண்டதை அவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழியில் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். உலகம் பளிச்சென்று, ஒழுங்காகத் தெரிந்தது.

வீட்டில் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலத்திலேயே பாய் விரித்திருந்தது. நடுவில் ஒருவர் உட்கார இடம் விட்டிருந்தது.

"புத்தகத்தை அரைச்சாச்சு" என்று காற்றாக வந்த குரலில் சொன்னார். "இனிமே இந்த வீட்டுக்குப் பிடிச்ச பீடை விட்டுது. யார் படிச்சீங்க, எவ்வளவு படிச்சீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மைத்துனன் பாயின் ஓரத்தைச் சுருட்டினான். மகள் மட்டும் அவரையே பார்த்தாள். கதையைப் பாதியில் பிடுங்கிவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவி, வருத்தமா கண்ணு என்று கேட்டார்.

"எனக்கென்னப்பா வருத்தம்? நேத்து ராத்திரியும் புத்தகம் இல்லாமதானே, கண்ணை மூடிக்கிட்டு, வெறுங்கையை விரிச்சு வெச்சுக்கிட்டு எங்களுக்குப் படிச்சுக் காட்டுனீங்க?"