காணாமல் போகும் கவர் பிளாக்குகள்

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முட்டிவலி எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

"மகனோடயே இருந்துடறேன், மாடி அறை எனக்கு வேண்டாம்" என்று நீ எழுதியது கிடைத்தது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அறை பாட்டுக்கு எழும்பட்டும்.

எழும்பினால்தானே! கூரைக்குப் பலகை அடித்துக் கம்பியும் கட்டியாயிற்று. அந்தக் கம்பி பலகையில் படக் கூடாதாம். பட்டால் கான்கிரீட் அதைச் சுற்றி மூடாது, ஈரம் புகுந்து துருவேறி, கூரை உதிருமாம். அதற்காக அடியில் அங்கங்கே தீப்பெட்டி அளவு கான்கிரீட் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். கவர் பிளாக் என்று பெயர். மேஸ்திரி சாயங்காலம் வைத்துவிட்டுப் போகிறார், காலையில் பார்த்தால் நாலஞ்சைக் காணோம்! கம்பியோட முறுக்கிக் கட்டினதையும் அவுத்து எடுத்திருக்கான் பாவி. இன்ஜினியரம்மா குனிஞ்சு பார்த்து, "கம்பி படுத்துக் கிடக்கு, இன்னைக்குக் கான்கிரீட் கிடையாது"ன்னுட்டுப் போயிடறாங்க. எதிர்வீட்டுக்காரர் மேல சந்தேகம்னு சொன்னேன், அவர் என்னோட பேசறதை நிறுத்திட்டார். முன்னாடியும் பேசினதில்லை, அதனால நஷ்டமில்லை. சரி, பூனையா இருக்கும்னேன். "பூனை எதுக்குய்யா கான்கிரீட்டைத் திங்குது?"ன்னு மேஸ்திரி தலையில அடிச்சுக்கிட்டார்.

ஆனா ஒண்ணு. வேலை நின்ன நாள்ல எல்லாரும் முன்னறையில உட்கார்ந்து சாப்பிடறாங்க. நானும் என் தட்டை எடுத்துக்கிட்டுப் போய் உட்கார்ந்துடுவேன். சித்தாள் அம்மா, "ஐயா, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க"ன்னாங்க. என் சட்டையை ஒருத்தர் பார்த்து எவ்வளவு நாளாச்சு அக்கா! மறுநாளும் திருப்பியே போட்டுக்கிட்டேன். வீடும் ஒழுங்காயிட்டு வருது. இந்த மேஜை இப்போ ஆடறதில்லை, கதவு காத்துல அடிச்சுக்கறதில்லை, கட்டில் கிரீச்சிடறதில்லை. கூரை போட்டுட்டா இவங்க வேற வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் இங்கே சத்தம்னா நான் தும்மறதுதான்.

வேளைக்கு மாத்திரை சாப்பிடு. மருமகளோட மல்லுக்கு நிற்காதே. பேரப்பிள்ளைகள் நூறு வயசு நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போற நேரத்துல மேஸ்திரி தண்ணி கேட்டு முன்னறையைத் தாண்டி என் அறைக்கே வந்துட்டார். மேஜைக்கால், கதவு, கட்டில்கால், எல்லாத்துக்கும் அடியில அவரோட கட்டை. மிச்சம் கட்டிலுக்குக் கீழே குவியலா. மனுஷர் ஒரு வார்த்தை திட்டலை. குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்துத் துண்டுல முடிஞ்சுக்கிட்டார். வாசல்ல நின்னு, "கூரை போட்டாலும் அது இறுகற வரைக்கும் தண்ணி ஊத்த வருவோம்ய்யா. அதுவும் முடிஞ்சா, இந்தப் பக்கம் வர்றப்போ எட்டிப் பாக்கிறேன். கட்டையை மட்டும் விட்டுடுங்க"ன்னார். நாளைக்குக் கான்கிரீட். மேஜை மறுபடியும் ஆடுது, எழுத்து கோணலா இருந்தா அதுதான் காரணம். எதிர்வீட்டுக்காரரும் பூனையும் நிரபராதிங்க, மேலே அவங்களைப் பத்தி எழுதினதை அடிச்சுடு. நீ வராததுல துளியும் வருத்தமில்லைன்னு எழுதியிருக்கேனே, அதையும் அடிச்சுடு அக்கா.