பயிற்றுநர் வளர்த்த கணக்கு டீச்சர்

ஆசிரியர் வளர்ந்தால் நாடு வளரும். அந்த மாபெரும் உண்மை, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஆசிரியருக்கே மதிப்பெண் போடும் தாளுமாக, ஒருநாள் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பெயர் 'பயிற்றுநர்'.

கணக்கு டீச்சர் அன்று பின்னம் நடத்தினார். ஒரு காகிதத்தை மடித்தார், கிழித்தார், ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். வகுப்புக்கே புரிந்துவிட்டது. பயிற்றுநரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன டீச்சர், இப்படிக் கவுத்துட்டீங்க?"

"ஏன் சார், பசங்களுக்குப் புரியலையா?"

"எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சே! இப்பவே பத்துக்கு ஒன்பது. வருஷக் கடைசியில உங்களை எங்கே வளர்த்துக் காட்டறது? வளர்ச்சி இல்லைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. போன மாசந்தான் கல்யாணம் ஆச்சு. இந்தத் தாளைக் கிழிச்சிடறேன், என்ன?"

டீச்சருக்கு இளகிய மனசு. முதல் பருவம் மட்டும் கொஞ்சம் மோசமாக நடத்துவதாக ஒப்புக்கொண்டார்.

சொல்வது சுலபம். இத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? வாயைத் திறந்தாலே பிள்ளைகளுக்குப் புரிந்து தொலைத்தது. பயிற்றுநர் சளைக்கவில்லை. பள்ளி விட்டதும் காலி வகுப்பில் 'தனிக்கவனம்' செலுத்தினார்.

"பலகையைப் பார்த்தே பேசுங்க. எழுதினதை உடனே அழிங்க. ம்ஹூம், முகத்துல இன்னும் தெளிவு தெரியுது. சரி, யாராவது சந்தேகம் கேட்டா?"

"விளக்குவேன்."

"ஐயோ! முறைக்கணும் டீச்சர்!"

உழைப்பு வீண்போகவில்லை. மதிப்பெண் இரண்டுக்கு இறங்கி, 'தொடக்க நிலை' என்று பதிவானது. "டீச்சர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று முன்பெஞ்சுப் பெண் கேட்டாள். டீச்சர் முறைத்தார். அதற்கப்புறம் அவள் எதையுமே கேட்கவில்லை. அன்று டீச்சர் ஓய்வறையில் உட்கார்ந்து அழுதார். பயிற்றுநர் அதை 'ஈடுபாடு' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் டீச்சர் பழையபடி நடத்தினார். வருஷக் கடைசியில் மதிப்பெண் ஒன்பது. பயிற்றுநருக்குப் பதவி உயர்வு, டீச்சருக்குக் கேடயம். முன்பெஞ்சுப் பெண் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

விழா மேடையில் கல்வி அதிகாரி மைக்கை நீட்டினார். "இந்தப் பயிற்சியில நீங்க என்னம்மா கத்துக்கிட்டீங்க?"

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வகுப்பை எப்படிக் கெடுக்கறதுன்னு கத்துக்கிட்டேன் சார். இவர் வர்ற வரைக்கும் எனக்கு அது தெரியாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மதிப்பெண் தாளைப் பார்த்தார்.

"ரெண்டுல இருந்து ஒன்பதா! இதை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோகணும்."

மறுவாரமே உத்தரவு வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் புரிவது, முதல் பருவம் முடியும்வரை, எல்லாப் பள்ளிகளிலும் நிறுத்திவைக்கப்பட்டது.