நாற்பத்தெட்டுத் துண்டு மதிவதனி

மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற நஞ்சுண்டன், இனி தான் ஓவியர் என்று முடிவு செய்தார். மறுநாளே நடிகை மதிவதனியை வரைவது என்றும் முடிவு செய்தார். முதலில் ஒரு கத்திரிக்காய், ஒரு செம்பு என்று படிப்படியாகப் போகலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆளில்லை.

காரணம் இருந்தது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, உக்கடத்தில் ஒரு புடவைக்கடையைத் திறந்து வைக்க மதிவதனி வருகிறாள். கடை மேனேஜர் தெரிந்தவர். "படத்தக் கொண்டாங்க, மேடைல ரெண்டு நிமிசம் வாங்கித் தாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மதிவதனி படத்தை வாங்குவாள், பக்கத்தில் நஞ்சுண்டன் நிற்பார், போட்டோ பிடிப்பார்கள். இதைத் தன் ஊரான மதுக்கரை முழுக்கச் சொல்லியாயிற்று. புதுப் பட்டுச்சட்டையும் எடுத்தாயிற்று. படம்தான் பாக்கி.

அதற்கும் யூடியூபில் ஒரு வாத்தியார் வழி சொன்னார். முகம் என்று நினைத்துப் பார்த்தால் கை ஏமாற்றிவிடுமாம். போட்டோவைச் சதுரம் சதுரமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தலைகீழாக வைத்து, அதை மட்டும் பார்த்து வரைய வேண்டும். வரைந்த சதுரத்தை மூடிவிட வேண்டும். கடைசி நாளில்தான் திறந்து பார்க்க வேண்டும்.

வெட்டுகிற வேலை மனைவி சாந்தாமணிக்கு வந்தது. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள், கத்தரி பிடித்தால் நூல் பிடித்த மாதிரி போகும்.

"யாருங்க இந்தப் புள்ள?"

"மதிவதனி. பெரிய நடிகை, அம்மணி."

"என்னைய எப்பங்க வரைவீங்க?"

"உன்னத்தான் தெனமும் பாக்கறனே. வரைஞ்சு வேற பாக்கோணுமா?"

சாந்தாமணி பதில் சொல்லவில்லை. பெண்டாட்டி பதில் சொல்லாத இடத்தில்தான் புருஷன் பயப்பட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரியவில்லை, பாவம்.

மறுநாள் நாற்பத்தெட்டுத் துண்டுகள் பின்பக்கம் நம்பரோடு ஸ்வீட் டப்பாவில் வந்து சேர்ந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை. "கலர் இருந்தா உங்களுக்குக் கொழப்பமாயிருமுங்க. ஜெராக்ஸ் எடுத்துப்போட்டேன்" என்றாள்.

ஒரு நாளைக்கு மூன்று துண்டு என்று வரைந்தார். இருபத்திரண்டாம் துண்டில் சந்தேகம் வந்தது.

"ஏனம்மணி, இந்தப் புள்ள மூக்குத்தி போட்டிருந்தாளா?"

"சினிமாக்காரியல்லங்க. இன்னைக்குப் போடுவா, நாளைக்குக் கழட்டுவா."

"தாடைக்குக் கீழ இன்னொரு தாடை வருதே!"

"தலகீழா வெச்சா ஆருக்கும் வருமுங்க. அந்தத் துண்ட மட்டும் பாக்கச் சொன்னாரில்லீங்க வாத்தியாரு?"

வாத்தியார் பெயரைக் கேட்டதும் நஞ்சுண்டன் அடங்கிப்போனார். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. மதிவதனிக்கு இருபத்தைந்து வயதுதானே, கண்ணோரம் இத்தனை கோடு எங்கிருந்து வந்தது?

பதினாறாம் நாள் மூடிய காகிதத்தைப் பிரித்து, படத்தை நிமிர்த்தி வைத்தார். படத்திலிருந்து சாந்தாமணி அவரைப் பார்த்தாள். திரும்பினார். அடுக்களை வாசலிலும் ஒரு சாந்தாமணி நின்றாள். மனிதருக்குத் தலை கிறுகிறுத்தது. அவசரமாகத் தூரிகையை எடுத்துக் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கினார். இப்போது சாந்தாமணி முறைத்தாள்.

அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மெர்சி உறைமோர் வாங்க வந்தாள்.

"ஐயோ, ஏனுங்கண்ணா! அக்காவ அப்படியே உரிச்சு வெச்சிருக்கறீங்க!"

"மெர்சி, இது மதிவதனி. நடிகை."

"நடிகையப் பாத்து வரைஞ்சும் அக்கா மொகம் வந்துச்சுன்னா, உங்க மனசுக்குள்ள ஆரு இருக்கறாங்கன்னு தெரியலீங்களா?"

நஞ்சுண்டன் யோசித்தார். குழம்பிக் கிடந்த மண்டைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. யோசிக்க யோசிக்க அவருக்கே கண் கலங்கியது. இத்தனை ஆசையை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லையே! அன்று சாயங்காலம் நாலு முழம் வாங்கினார். பூக்காரம்மாளில் ஆரம்பித்து பேக்கரி வரைக்கும், "நெஞ்சுல இருக்கறதுதானுங்க கையில வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேனேஜருக்குப் போன் போட்டு மேடை வேண்டாம் என்றார். படம் ஹாலில் ஏறியது. சாந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மதிவதனி உக்கடத்தில் ரிப்பன் வெட்டுகிற நேரத்தில், தூரிகை போட்டு வைக்க நஞ்சுண்டன் அந்த ஸ்வீட் டப்பாவைக் கவிழ்த்தார். துண்டுகள் சிதறின. சும்மா இருக்காமல் நம்பர்படி நேராக அடுக்கிப் பார்த்தார். மச்சினன் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. அதில் மூக்குத்தியும் ரெண்டு தாடையுமாகச் சிரித்தாள் சாந்தாமணி.

"அம்மணி! மதிவதனி எங்கே?"

"நல்ல கெட்டிக் காயிதமுங்க. ஜாக்கெட்டு கழுத்துக்கு மாதிரி வெட்டிப்போட்டேன்."

"இப்பவே போயி ஊர் பூராச் சொல்றேன் பாரு!"

"சொல்லுங்க. பொண்டாட்டி மொகத்தப் பதினாறு நாளு உத்து உத்துப் பாத்தும் ஆருன்னு தெரியலீன்னு அதையும் சேத்துச் சொல்லிப்போடுங்க."

கதவு வரை போன நஞ்சுண்டன் திரும்பி வந்து உட்கார்ந்தார். சாந்தாமணி உள்ளே போய் இன்னொரு டப்பாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"எங்கம்மாளும் உங்க நெஞ்சுக்குள்ள இருக்கறாங்கன்னு ஊருக்குத் தெரியோணுமில்லீங்க? எழுபத்திரண்டு துண்டு."