பெருமண் கடவில் நாற்பது நிமிடம்

தனக்கு மலையாளம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அடுத்தவருடைய மலையாளத்தில் பிழை திருத்திய மனிதர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஊர்க்காரர். பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எதற்காகவும் குறிப்பிட்டதில்லை என்பதால் இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

சபைப் பதிவேட்டில் அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் கைடு. இளவயதில் திருவனந்தபுரத்தில் ஒரு காட்சிசாலையில் சேவகராக இருந்து, பஞ்சு அடைத்த புலியைப் பார்க்க வருகிறவர்களிடம் 'இது புலி' என்று சொல்லும் வேலையைப் பல வருடம் செய்தார். வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. கூட யார் நடந்தாலும் குடையை நீட்டி, இது சர்ச்சு, இது கிணறு, இது தபால்பெட்டி என்று விளக்கிக்கொண்டே வருவார். அந்தச் சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கி, அந்தக் கிணற்றில் நீர் இறைத்து வளர்ந்தவர்களுக்கும் விளக்கம் உண்டு.

வருடத்துக்கு ஒருமுறை ஒரு பஸ்ஸை அமர்த்தி ஊர்க்காரர்களை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போவார். பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் விளக்கிய வேகத்தைப் பார்த்து அரண்மனைக் கைடு ஒதுங்கி நின்றார் என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. நான் அங்கே இருந்தேன். அந்த ஆள் ஒதுங்கி நிற்கவில்லை. மிச்சத்தையும் கேட்க எங்களோடு அடுத்த அறைக்கு வந்துவிட்டார்.

1954 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, தெற்கே, தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட தமிழர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊர்த் தமிழ்க் கமிட்டி பள்ளிக்கூடத்தில் கூடியது. பலசரக்குக் கடைக்காரர் தலைவர். வாத்தியார் வேலையில் இருந்த நான் குறிப்பெழுதுகிறவன். எங்கள் நெய்யாற்றின்கரை தாலூகா தமிழ்நாட்டோடு சேரும் வரை மலையாளத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று பதினேழு பேர் வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். பதினாறு பேருடைய சத்தியம் திங்கட்கிழமை மதியத்தைத் தாண்டவில்லை. தலைவருடையது முதல் வியாபாரத்திலேயே முறிந்தது. என்னுடையது முதல் பாடவேளையில். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாவது ஆள் கைடு. அவர் மட்டும் பிடித்துக்கொண்டார்.

நல்ல மலையாளம் பேசியவர் அவர். காட்சிசாலையில் பழகிய சுத்தமான மலையாளம். இப்போது அது தெரியாது என்றாகிவிட்டதால், போகிற இடமெல்லாம் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ரேஷன் கார்டுக்காக நெய்யாற்றின்கரை தாலூகா ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த கிளார்க் காரோட்டுக்காரர். வீட்டில் தமிழ் பேசுகிறவர். கைடின் விரதம் அவருக்கும் தெரியும். வேண்டுமென்றே மலையாளத்தில் கேட்டார். நான் தமிழில் திருப்பி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறார் என்றேன். கைடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மக்கா, அவரு வீட்டில எத்தன பேருன்னு கேக்கேல்ல. குடும்பத்தில எத்தன பேருன்னாக்கும் கேட்டாரு. ரெண்டும் வேற. செரியா மொழிபெயர்க்கணும்."

"அண்ணனுக்குத்தான் மலையாளம் தெரியாதே?"

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியணுமில்லா?"

அவர் தூக்கத்தில் மலையாளம் பேசுவதாகப் பக்கத்து வீட்டில் புகார் கிளப்பினார்கள். கமிட்டி விசாரித்தது. சத்தியம் செய்தது விழித்திருக்கிறவன், உறங்குகிறவன் செய்யவில்லை என்று கைடு வாதாடினார். தலைவர் யோசித்து, உறக்கத்தை விலக்கி வைத்துத் தீர்மானம் போட்டார். அதை எழுதியதும் நான்தான்.

சிரித்துக்கொண்டிருந்தது இவ்வளவு தூரம்தான். கைடுக்கு மனைவி இல்லை. ஒரே மகள், லில்லி. கொல்லத்துக்கு வடக்கே, அஷ்டமுடிக் காயல் கரையில் பெருமண் என்ற ஊரில் மலையாளக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கணக்கர். சத்தியத்துக்குச் சில வாரம் முன்பு லில்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்து ஞானஸ்நானம். விருந்தில் சம்பந்தி எழுந்து, தாத்தா குழந்தையை ஆசீர்வதித்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். கைடு எழுந்தார். தமிழில் ஆசீர்வதித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவங்களுக்குப் பறஞ்சு குடு மக்கா" என்றார். பந்தியில் யாரோ சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. மூன்று வருடமாகத் தன்னோடு மலையாளத்தில் பழகிய மனிதர் இன்று தன் வீட்டில் உட்கார்ந்து தன் பாஷை தெரியாது என்கிறார் என்றால், அது யாரை அவமானப்படுத்த என்று என்னிடம் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மனிதரைப் போலப் பேச முடிகிற அன்றைக்கு வந்தால் போதும் என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அதன் பிறகு கைடு மகளைப் பார்க்கவில்லை. லில்லி கடிதம் எழுதினாள். எல்லாம் ஒரே கடிதம்தான். அப்பா, ஒரு வார்த்தை பேசினால் போதும்.

ராஜ்யங்களைப் பிரிக்கிற கமிஷனின் அறிக்கை 1955 கடைசியில் வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டுக்கு. நெய்யாற்றின்கரை இருந்த இடத்திலேயே. எங்களுக்காகப் பேச மேடையேறியவர்களில் பலர் அந்த நான்கு தாலூகாக்காரர்கள். அவர்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். சத்தம் எங்கள் ஊர்வரை நன்றாகக் கேட்டது. கைடின் சத்தியத்துக்கு இனி முடிவு கிடையாது என்பது ஊரில் எனக்கும் அவருக்கும்தான் உறைத்தது. விட்டுவிடுங்கள் அண்ணா, யாரும் கேட்கப் போவதில்லை என்றேன்.

"நீங்க பதினாறு பேரும் விட்டாச்சி. நானும் விட்டா, அங்க குண்டு பட்டுச் செத்தவனுக்கு ஆருலே பதில் பறைவா?" என்றார். முதல்முறையாக என்னை மக்கா என்று கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் லில்லியிடமிருந்து வேறு மாதிரிக் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு ரயில் ஏறுகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று தெரியாது. அந்த வாரமே கைடு சுற்றுலா அறிவித்தார். பரவூர், கொல்லம், பெருமண். காயல் கரை ஊர்கள் மூன்று, கொல்லத்திலிருந்து பெருமணுக்குப் போட்டில் பயணம், பெருமண் கடவில், அதாவது படகுத்துறையில், நாற்பது நிமிடம் ஓய்வு. ஓய்வு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கமிட்டியில் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள், தலைவர் உட்பட. காயல் பார்க்க வந்தவர்கள் என்று நான் அவர்களை நினைக்கவில்லை.

கொல்லவருடம் 1132, கன்னி மாதம், அதாவது 1956 அக்டோபர், சனிக்கிழமை. விடியும் முன் பஸ் புறப்பட்டது. பாலராமபுரத்தில் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோதே கைடு எழுந்து நின்று, இது தறி என்று ஆரம்பித்துவிட்டார். பரவூரில் இறங்கி ஒரு மணி நேரம் காயலையும் கடலையும் சுட்டினார். கொல்லத்தில் போட்டு ஏறியதும் அவருக்கு வேகம் கூடியது. சீன வலையைக் காட்டி, சீனாக்காரன் நம்மிடம் வந்து படித்துக்கொண்டு போனது என்றார். காயலுக்கு எட்டுக் கை, அதில் ஆறு ஆதியில் தமிழன் வெட்டியது என்றார். போட்டு ஓட்டுகிற ஸ்ராங்குக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். மிச்சம் இரண்டும் யாருடையது என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார். நான் திருப்பிச் சொல்வதற்குள் கைடு, "அது மீனுக்கு விட்டதாக்கும்னு பறை" என்றார்.

கரையெல்லாம் கயிற்றுக்காக ஊறப்போட்ட தேங்காய் மட்டை அழுகும் நாற்றம். மரச்சீனிக் கிழங்கும் மீனும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். கைடு சாப்பிடவில்லை. பெருமண் நெருங்க நெருங்க விளக்கம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கோயில், ஒரு சர்ச்சு, ஒரு பெரிய ஆலமரம் எல்லாம் சும்மா கடந்து போயின. தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், கைடுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்றார். ஒன்பது பேரும் எழுந்து கடவுப் பக்கமாக வந்து நின்றார்கள்.

கடிதம் பார்த்து வந்த லில்லி கடவில் நின்றாள். பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு மாப்பிள்ளை. மாப்பிள்ளை நல்ல மனிதர். மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதைக்கு இறக்கிவிட்டு, அப்பச்சனுக்குச் சுகம்தானா என்று மலையாளத்தில் கேட்டார். கைடு என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். சுகம் என்று தமிழில் சொன்னார். நான் மலையாளத்தில் சொன்னேன். மாப்பிள்ளையின் முகம் மாறியது. என்னிடமே சொன்னார்: செவ்வாய்க்கிழமை போகிறோம், எங்கள் அப்பா வீட்டில் காத்திருக்கிறார், ஒரு வார்த்தை போதும், வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். நான் அதையும் தமிழாக்கினேன். போட்டில் ஒன்பது பேரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கைடு குடையைத் தரையில் ஊன்றி, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார். அதற்கு இரண்டேகால் வயது. மலையாளம் மட்டும்தான் தெரியும். நேராக வந்து அவர் வேட்டியைப் பிடித்து அண்ணாந்து பார்த்தது.

"ஆரா?" என்றது. யார் நீ என்று.

லில்லி பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். கைடு கையைக் காட்டி என்னை நிறுத்தினார். குந்தி உட்கார்ந்தார்.

"ஞான் நின்றெ அப்பூப்பனா, மோளே" என்றார். நான் உன் தாத்தா.

போட்டில் ஒருவர் தொண்டையைச் செருமினார். கைடு திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் அடைத்து வைத்த மலையாளம் அவ்வளவும் வெளியே வந்தது. குழந்தையிடம் பேசினார், மாப்பிள்ளையிடம் பேசினார், வீட்டுக்குப் போய்ச் சம்பந்தியிடம் பேசினார். வழியில் நின்ற ஒரு பசுவைக் குடையால் சுட்டி, இது பசு என்று குழந்தைக்கு மலையாளத்தில் விளக்கினார். ஸ்ராங்கு மூன்று தரம் ஹாரன் அடித்த பிறகுதான் கடவுக்கு வந்தார். லில்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் யாரும் அவரோடு பேசவில்லை. அவரும் எதையும் சுட்டவில்லை.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. நவம்பர் ஒன்றாம் தேதி, எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில் தமிழ்நாட்டோடு இணையும் விழா நடக்கப்போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று போராடியவர் என்று எங்கள் ஊரிலிருந்து ஒருவரை மேடைக்கு அழைத்திருந்தார்கள். கைடின் பெயர்தான் ஏற்கனவே கொடுக்கப்பட்டிருந்தது. தலைவர் என்னைப் பார்த்து, அன்று நடந்ததற்குக் குறிப்பு உண்டா என்று கேட்டார். உண்டு. எனக்கு எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. இல்லை என்று சொல்லியிருக்கலாம். டைரியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் பிரித்து வாசித்தேன். பிற்பகல் ஒன்று இருபது. பெருமண் கடவு. மலையாளம். நான்கு வார்த்தை.

"கைடே, வாத்தியாரு எழுதினது செரிதானா?" என்றார் தலைவர்.

கைடு எழுந்தார். "நேரம் செரி, இடம் செரி. நாலு வார்த்தைன்னு எழுதியிருக்கான், அது தப்பு. நாப்பது நிமிஷம் பேசினேனாக்கும். திருத்தி எழுதச் சொல்லுங்க."

பெயரை அடித்தார்கள். அடித்தது என் பேனாதான். அன்று காலையில் தலைவர் கடையில் நான் நின்றபோது அவர் ஏழு பேரிடம் மலையாளத்தில் வியாபாரம் செய்திருந்தார். அதற்கும் என்னிடம் குறிப்பு உண்டு. அதை யாரும் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. நவம்பர் ஒன்று, வியாழக்கிழமை, தலைவரே மேடையேறி மாலை வாங்கிக்கொண்டார். மாலையோடு எல்லையைத் தாண்டி எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்து மறுநாள் காலை கடையைத் திறந்தார். அடுத்த ஜூனில் கமிட்டிக்காரர்களின் பிள்ளைகள் எட்டுப் பேர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். எட்டுப் பேரும் என் வகுப்பு.

1957-லும் கைடு சுற்றுலா அறிவித்தார். அதே வழி: பரவூர், கொல்லம், பெருமண். சத்தியம் தவறியவனோடு பஸ் ஏற ஊரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பெயர் கொடுத்தவன் நான் மட்டும். பஸ் அமர்த்த வழியில்லாததால் சர்வீஸ் பஸ்ஸிலும் சர்வீஸ் போட்டிலுமாகப் போனோம். டைரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும், "பேசாம பாரு மக்கா, இப்பிடி ஒரு காயலு வேற எங்க உண்டு?" என்றார். பெருமணில் அவருக்காக யாரும் நிற்கவில்லை. குடையை நீட்டி, இது பெருமண் கடவு என்றார். பிறகு அடுத்த கரைக்குக் குடையைத் திருப்பினார்.

நான் எல்லாவற்றையும் முதல்முறை பார்க்கிறவனைப் போலப் பார்த்துக்கொண்டே வந்தேன்.